இடவழி முடியும் வீடு

கம்பெனி மேனேஜர் சதாசிவன் சார் நேராக எல்லைக்கல்லை நோக்கித்தான் நடந்து வந்தார்.

யோசுவாவின் மண்வெட்டி பாதியில் நின்றது.

இனி என்ன, குட்டு உடைந்துவிடும். கல்லுக்கு இந்தப் பக்கம் பாறசாலைப் பஞ்சாயத்து, கேரளம். அந்தப் பக்கம் தமிழ்நாடு. இரண்டாம் சனிக்கிழமை லீவில் கையுறைக் கம்பெனி ஆட்கள் செய்கிற சிரமதானம் சொந்தப் பஞ்சாயத்தைத் தாண்டக் கூடாது என்பது எர்ணாகுளத்து ஹெட்டாபீஸின் கண்டிப்பான உத்தரவு. இன்றைக்குச் சரிசெய்கிற இந்த இடவழிப் பாதையோ கல்லைத் தாண்டி, ஒரு வளைவு வளைந்து, மேட்டிலிருந்த ஒரு வீட்டில் போய் முடிந்தது.

அது யோசுவா தன் மகள் ஷீனாவைக் கட்டிக்கொடுத்த வீடு.

ஷீனாவுக்கு ஏழாம் மாதம். பிள்ளைப்பேற்றுக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைப்பது ஏழில்தான். எட்டில் அழைக்கிற வழக்கமில்லை. ஒன்பது வரை பொறுக்கலாம் என்றால் அதற்குள் ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பிடித்துவிடும். மழை பிடித்தால் இந்தச் சரிவில் ஆடுகூட இறங்காது.

ஐந்தாம் மாதம் இங்கேதான் அவள் வழுக்கி விழுந்தாள். கர்த்தர் காத்தார். இனி நடத்திக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது, வண்டியில்தான் என்று நெய்யாற்றின்கரை டாக்டரம்மா சொல்லிவிட்டார். வண்டிக்காரர்களோ இடவழியை எட்டிப் பார்த்து, ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

அதனால்தான், கம்பெனிக் கூட்டத்தில் வாய் திறந்தே அறியாத யோசுவா அன்றைக்கு எழுந்து நின்று, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழி சறுக்குகிறது, அதைச் சரிசெய்யலாம் என்றார். பொய்யில்லை. கல்லுக்கு இந்தப் பக்கத்து வீடுகளில் பிள்ளைகள் உண்டு. மகளைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. சம்மந்தி வீட்டுக்குக் கம்பெனி செலவில் ரோடு போட்டுக்கொண்டான் என்று நாலு பேர் பேசினால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும்.

சார் கல்லருகே வந்து நின்றார். முன்னால் பார்த்தார். பின்னால் பார்த்தார். தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை எடுத்து உதறி, கல்லின்மேல் விரித்து, அதில் சாவகாசமாக உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு முட்டுவலியாக்கும். நான் இங்ஙன இருக்கேன். நீங்க ஜோலியப் பாருங்க."

யோசுவாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பக்கத்திலேயே அயனி மரம் அத்தனை நிழலோடு நிற்க, இந்த மனிதர் உச்சி வெயிலில் கல்லைத் தேடி உட்கார்ந்திருக்கிறாரே என்று பாவமாகவும் இருந்தது. எத்தனை படித்து என்ன, வெள்ளந்தி மனிதர். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

அப்புறம் வேலை பறந்தது. பாக்கிங் செக்ஷன் பெண்கள் கடவப்பெட்டியில் செம்மண் சுமந்து கொட்டினார்கள். ஆண்கள் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கினார்கள். நடுவில் அவித்த மரச்சீனிக் கிழங்கும் முளகுத் துவையலும் வந்தன. சார் தன் பங்கைக் கல்லிலிருந்தே வாங்கித் தின்றார்.

எதுவரை என்று யாரும் கேட்கவில்லை. கல்லைத் தாண்டியபோதும் கேட்கவில்லை.

ஷீனா வீட்டுக் கதவு சாத்தியே கிடந்தது. அப்பா என்று ஓடிவந்து காட்டிக்கொடுத்துவிடுவாளோ என்று பயந்துகொண்டிருந்த யோசுவா, அதற்கும் சேர்த்து ஒரு ஸ்தோத்திரம் சொன்னார்.

வெயில் சாயும்போது செம்மண் அந்த வீட்டு முற்றத்தைத் தொட்டது. யோசுவாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. நாளைக்கு ஏதாவது ஒரு வண்டியைப் பிடித்தால் போதும்.

அப்போது கல்லிலிருந்து சாரின் சத்தம் கேட்டது. கம்பெனி டிரைவர் எலியாவை, ஜீப்பைக் கடைசிவரை ஓட்டச் சொன்னார். யோசுவா ஓடி வந்து, சாரும் ஏறிக்கொள்ளலாமே என்று மரியாதைக்குக் கேட்டார்.

"நான் வரேல்ல யோசுவா. ஹெட்டாபீசுல கேட்டா, நம்ம பஞ்சாயத்துக் கல்ல விட்டு எழும்பவே இல்லண்ணு நான் சத்தியம் பண்ணண்டாமா?"

அதற்குள் ஜீப் உறுமிக்கொண்டு சரிவில் ஏறிப் போயிற்று. யோசுவா பின்னாலேயே ஓடினார்.

முற்றத்தில் நின்ற ஜீப்பிலிருந்து பாக்கிங் செக்ஷன் லீலாபாய் குதித்து இறங்கி, காலிச் சாக்குகளை இழுத்துப் போட்டாள். சாக்குகளுக்கு அடியில் பெரிய பெரிய டின்கள் இருந்தன. முந்திரிக்கொத்து, அச்சப்பம், முறுக்கு. கூடவே ஒரு மட்டி வாழைப்பழக் குலை.

பெண்ணை அழைக்கப் போகிறவர்கள் பலகாரத்தோடு போவதுதான் முறை. யோசுவா வீட்டில் அதைச் சுட ஆளில்லை. பெண்சாதி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. வெறுங்கையோடு போய் நிற்க வேண்டியிருக்குமே என்பதை அவர் நினைக்கவே பயந்து தள்ளிவைத்திருந்தார்.

"ஏன் அண்ணா இப்பிடி முழிக்கிய? போன ஞாயிற்றுக்கிழமையே நாங்க வந்து இந்த வீட்டுக்காரவியகிட்ட நாள் சொல்லியாச்சு. போய் முகத்தக் கழுவுங்க."

கதவு திறந்தது. ஷீனா குளித்துத் தலை பின்னி, புதுச்சேலை உடுத்து, பெட்டியோடு நின்றாள். வழி முடிகிறவரை அப்பாவின் கண்ணில் படக் கூடாது என்று சதாசிவன் சார் சொல்லியனுப்பியிருந்தாராம்.