மூக்கைப் பொத்தியவர்கள்

சத்துவாச்சாரியிலிருந்து வந்திருந்த கிரேஸி கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியதும் லோகநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

1979-இல் அந்த மருத்துவக் கல்லூரியில் இன்டர்வியூ புது தினுசு. கேள்வியே கிடையாது. ஆறு பேரை ஓர் அறையில் கால் மணி நேரம் உட்காரவைத்துவிட்டு, டாக்டர்கள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கவனிப்பார்கள்.

மற்ற நால்வரும் மூக்கைப் பொத்திக்கொண்டு, அவனைவிட்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

பங்களா மூக்குகள்! இதுகள்தான் நாளைக்குச் சீழ் துடைக்கப்போகிறதாம் என்று மனதுக்குள் காறித் துப்பினான்.

கிரேஸி எழுந்து அவனருகே வந்தாள். “கொஞ்சம் எழுந்திரிங்களேன். இங்கதான் நாத்தம்...”

“ஆமாங்க, ஆம்பூர்ல எங்கப்பாவுக்குத் தோல் பதனிடுற ஷாப்புல வேலை. நானும் சின்ன வயசுலேர்ந்து தோல் ஊறுற சுண்ணாம்புக் குழியில நின்னவன்தான். தாங்கலன்னா வெளிய போங்க. டாக்டராவ வந்துட்டாங்க!”

அவள் திரும்பிப்போய் உட்கார்ந்தாள். லோகநாதன் கால்மேல் கால் போட்டுக்கொண்டான்.

மணி அடித்ததும் பெரிய டாக்டர் உள்ளே வந்தார். “தம்பி, உங்க நாற்காலிக்கு அடியில பாருங்க.”

குனிந்தான். ஒரு பேசின் நிறைய சீழ் தோய்ந்த பழைய கட்டுத்துணிகள்.

“இதை யாரு தேடிக் கண்டுபிடிச்சு வெளிய கொண்டுபோறாங்கன்னு பார்த்தோம். எடுக்க வந்த பொண்ணையும் நீங்க விரட்டிட்டீங்க. இவ்ளோ நாத்தத்துல எப்படித்தான் உட்கார்ந்திருந்தீங்க?”

லோகநாதன் பேசினை முகத்தருகே தூக்கி, நன்றாக இழுத்து முகர்ந்தான். இன்னொரு முறையும் முகர்ந்தான்.

“நாத்தம் எங்க சார்?” என்றான்.