காலியாகத் தெரிந்த மூன்று டிஸ்க்குகள்

mkfs.ext4 /dev/sdc என்று அவள் அடித்து முடித்தாள். இனி எண்டரைத் தட்டுவதுதான் பாக்கி.

எதிரே, ரத்த வங்கியின் கணினிப் பிரிவு மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். நேர்முகத் தேர்வின் கடைசிக் கேள்வி இது. பத்து நிமிடத்தில் ஏழு போய்விட்டது.

கேள்வி எளிதுதான். டிஸ்க் நிரம்பிவிட்டது, இடம் உண்டாக்க வேண்டும். lsblk கட்டளை நான்கு டிஸ்க்குகளைக் காட்டியது: sdb, sdc, sdd, sde. ரத்தம் கொடுப்பவர்களின் பதிவெல்லாம் sdb-இல் இருந்தது. மற்ற மூன்றும் எதிலும் சேராமல் சும்மா கிடந்தன. ஒன்றைச் சுத்தமாகத் துடைத்து ஃபார்மேட் செய்து கொடுத்தால் தீர்ந்தது. அதற்கான கட்டளைதான் திரையில் நின்றது.

குழந்தை பிறந்தபின் ஆறு வருடம் வீட்டில் இருந்தவளுக்கு வந்த முதல் அழைப்பு இது. நாற்பது விண்ணப்பத்துக்கு ஒன்று.

"என்னம்மா, எண்டர் கீயைத் தேடுறீங்களா? ஆறு வருஷத்துல அதை மட்டும் யாரும் இடம் மாத்தலையே!" என்றார் மேலாளர்.

அவள் சிரிக்கவில்லை. திரையில் நான்கு டிஸ்க்கும் கடைசி பைட் வரை ஒரே அளவு.

ஒரே கடையில் வாங்கியவை அப்படி இருக்கலாம். ஆனால் டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் உண்டு. இரட்டைப் பிள்ளைகளுக்கும் கைரேகை வேறுதானே.

அடித்ததை அழித்தாள். lsblk -o NAME,WWN என்று கேட்டாள்.

நான்கு வரிகள். நான்கிலும் ஒரே எண்.

அப்படியானால் இருப்பது ஒரே டிஸ்க். அதுவும் இந்த மெஷினுக்குள் இல்லை. வேறெங்கோ ஒரு சேமிப்புப் பெட்டியில் இருக்கிறது. ஒரு பாதை அறுந்தால் இன்னொன்று கைகொடுக்கட்டும் என்று நான்கு பாதை போட்டிருக்கிறார்கள். மெஷினை ஓட்டும் லினக்ஸ் வெள்ளந்தி. எந்தப் பாதையில் போய்ப் பார்த்தாலும் "இதோ ஒரு டிஸ்க்" என்று எழுதிக்கொள்ளும். எல்லாம் ஒன்றுதான் என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க மல்டிபாத் என்று ஒரு சேவை இருக்கிறது. அதை இங்கே யாரும் ஓடவிடவே இல்லை.

இன்னும் ஒரு நிமிடம். கேட்டதைச் செய்யாவிட்டால் வேலை கிடைக்காது. செய்தால் கிடைக்கலாம்.

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

"நீங்க கேட்ட இடத்தை என்னால தர முடியாது சார். நாலு வாசலை எண்ணிட்டு நாலு வீடுன்னு நினைச்சுட்டோம். இருக்கிறது ஒரே வீடு. புது டிஸ்க்தான் போடணும்."

மேலாளர் எழுந்து வந்தார். திரையில் விரலை வைத்து, எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைபோல நான்கு எண்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"அப்ப sdc-யை ஃபார்மேட் பண்ணியிருந்தா?"

"sdb-யில இருக்கிற பதிவு மொத்தமும் போயிருக்கும்."

அவர் முகம் வெளிறியதைப் பார்த்ததும் அவளுக்கே பாவமாக இருந்தது.

"டெஸ்ட் மெஷின்தானே, விடுங்க சார். ஆனா கேள்வியை ரொம்ப நல்லா யோசிச்சு வச்சிருக்கீங்க."

அவர் விசைப்பலகையை இரண்டு கையாலும் தூக்கி, மேசையின் மறுகோடியில் வைத்தார்.

"நம்மகிட்ட டெஸ்ட் மெஷினெல்லாம் ஏதும்மா?" என்றார். "நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க?"