கல்லணைச் சாலைப் பந்தயம்

நிஜாமுதீனின் பட்டறை வாசலில் தேசிகனின் கார் நிற்பதைப் பார்த்ததும் விக்டருக்குச் சுருக்கென்றது. மறுநாள் கல்லணைச் சாலையில் அந்தக் காரோடுதான் அவனுக்குப் பந்தயம்.

"டயர் பங்க்சர்டா. ஸ்ரீரங்கத்து வக்கீல் வந்து நின்னா மாட்டேன்னா சொல்ல முடியும்?" என்று சிரித்தான் நிஜாமுதீன். பள்ளிக்கூட நாளிலிருந்தே சிநேகிதன். விக்டர் அதோடு விட்டுவிட்டு, அவனைக் கையோடு புத்தூரிலிருந்த தன் வீட்டுக்கு அழைத்து வந்தான்.

விக்டர் மருந்துக்கடைக்காரன். வாரம் முழுக்கக் கொட்டகையில் தூங்கும் அவன் கார், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகுதான் வெளியே வரும். அதை வேகமாக்க எதை எதை மாற்றலாம் என்று இரண்டு பேரும் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பின்சீட்டையும் மட்கார்டுகளையும் கழற்றிப் பாரத்தைக் குறைத்தாயிற்று. என்ஜினுக்குப் பெட்ரோல் கூடுதலாகப் பாய, கார்புரேட்டருக்குள் பெரிய துளை உள்ள ஜெட் ஒன்றுதான் பாக்கி. அதையும் அன்று மாலை மாட்டினார்கள்.

"அப்படியே பிரேக்கையும் மாத்திடுவோம்டா. இந்த வேகத்துக்கு அது தாங்காது."

"ஓடறதுக்கு வழி கேட்டா நிக்கறதுக்குச் சொல்றியே!" என்றான் விக்டர்.

திருகுகளைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டிருந்த ரோசரி கணவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "இவ்வளவுதானாண்ணே? தையல் மிஷின்ல ஊசி மாத்தற மாதிரிதான் இருக்கு," என்றாள்.

மறுநாள் திருவானைக்காவலில் இரண்டு கார்களும் சீறிக் கிளம்பின. விக்டரின் பக்கத்தில் நிஜாமுதீன். கொஞ்ச தூரத்திலேயே கார் இருமத் தொடங்கியது. எவ்வளவு மிதித்தும் பழைய வேகம்தான். தேசிகன் கிளப்பிய புழுதிதான் முகத்தில் வந்து அடித்தது.

விக்டர் வண்டியை ஓரங்கட்டி கார்புரேட்டரைத் திறந்தான். பெரிய ஜெட்டைக் காணோம். அது இருந்த இடத்தில் பழையது.

"வித்துட்டியேடா!" அவன் குரல் உடைந்தது. "வக்கீலுக்காக என்னை வித்துட்டியே! உன் கையைத் தவிர வேற யார் கை இதுல பட்டுது?"

நிஜாமுதீன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மறுபடியும் அந்த ஜெட்டைக் குனிந்து பார்த்தான். சரியாக முறுக்காமல், பழக்கமில்லாத கை ஒன்று அதை மாட்டியிருந்தது. முகம் மாறியது.

"சரி, அப்படியே வச்சுக்க," என்று வந்த வழியே நடந்தான். விக்டர் கூப்பிடவில்லை.

வீடு வரைக்கும் நெஞ்சு எரிந்தது. நோன்புக் கஞ்சியும் கிறிஸ்துமஸ் பலகாரமும் மாறி மாறிச் சாப்பிட்டு வளர்ந்தவனா இப்படிச் செய்தான்?

"இனிமே அந்த நிஜாம் நம்ம வாசப்படி மிதிக்கக் கூடாது," என்று ரோசரியிடம் கத்தினான். "பழைய ஜெட்டை மாட்டி என் கழுத்தை அறுத்துட்டான்!"

ரோசரி அருகில் வந்தாள். "அண்ணன் ஒண்ணுமே சொல்லலியா?"

"என்ன சொல்லுவான்? வாயை மூடிக்கிட்டுப் போனான்."

அவள் கண்கள் நிறைந்தன.

"ஓடிப்போய்க் கூட்டிட்டு வாங்க. பிரேக் தாங்காதுன்னு பயந்து மாத்தினது நான்தாங்க."