குரலுக்குப் புள்ளி

"ஒக்டோபர் 14, செவ்வாய். சிறிய பிழை ஒன்று. நேற்று டடாவின் குரலுக்குப் பத்துக்கு ஒன்பது போட்டேன். 'கோட்டி பஹய்' என்று கூவி முடிய ஒரு இருமல் வந்தது. அதற்கு ஒன்று கழிக்க மறந்துவிட்டேன். எட்டு என்று திருத்தியிருக்கிறேன்."

பின்னேர ஆங்கில வகுப்புக்குப் போகும் பஸ்ஸில், கொப்பியை மடியில் வைத்து ரொஷேல் இதை எழுதி முடித்தபோது வெள்ளவத்தைச் சந்தை நெருங்கிவிட்டது.

அங்கேதான் டடா, அவளுடைய அப்பா ஹெக்டர், லொத்தர் சீட்டு விற்கிறார். ஐந்து கோடி, ஐந்து கோடி என்று சிங்களத்தில் கூவிக் கூவி.

ஆறு கிழமைக்கு முன்பு கொட்டாஞ்சேனை டிஸ்பென்சரி டொக்டர் அவரைப் பார்த்தார். வயிற்றுப் புளிப்பு தொண்டை வரைக்கும் ஏறிச் சுடுகிறது போல, அதுதான் இந்தக் கரகரப்பு என்றார். காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு குளிசை. கட்டிலின் தலைமாட்டுக்குக் கீழே செங்கல். வீட்டில் வாயே திறக்கக் கூடாது.

குரல் தெளியாவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருவார். மூக்கால் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். வேறு ஏதாவதாகவும் இருக்கலாம்.

முப்பது வருடம் சிகரெட் பிடித்தவருக்கு அந்த வேறு ஏதாவதை விளக்கத் தேவையிருக்கவில்லை.

வீட்டில் டடா பேசாததால், பஸ் சந்தையைத் தாண்டும் அரை நிமிடத்தில் கேட்டதை வைத்தே அவள் புள்ளி போட்டு வந்தாள். ஐந்தில் தொடங்கி ஒன்பது வரை.

போன சனிக்கிழமை டடாவுக்கு யாவாரம். கொப்பியோடு அவள் தனியாகத்தான் டொக்டரிடம் போனாள். பக்கங்களைப் புரட்டிப் பார்த்த டொக்டர், குழாய் தேவையில்லை, குளிசையையே தொடரட்டும் என்றார்.

இன்று பஸ் நெரிசலில் மாட்டிச் சந்தைக்கு முன்னால் நின்றுவிட்டது.

டடாவின் குரல் வந்தது. கோட்டி பஹய். இருமல்.

திரும்பவும் வந்தது. கோட்டி பஹய். இருமல்.

மூன்றாம் தரமும் அதே இடத்தில், அதே நீளத்தில்.

ரொஷேல் இறங்கினாள்.

டடா குடைக்குக் கீழே வாய் மூடி உட்கார்ந்திருந்தார். சீட்டுப் பலகைக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்பீக்கர் கூவிக்கொண்டிருந்தது. காலையில் அவள் கட்டிக்கொடுத்த சோற்றுப் பார்சல் பிரிக்காமல் கிடந்தது. ஒரு மிடறு தண்ணீரை விழுங்குவதற்கு அவர் கண்ணை இறுக மூடி, கழுத்தை ஒரு பக்கம் சரித்தார்.

பக்கத்தில் ஃபோன் கவர் விற்கும் மக்கீன் அவளைக் கண்டு சிரித்தார்.

"என்ன மகள், இப்பதான் கண்டீங்களா? ஒங்கட டடா இப்ப பெரிய ஸ்டார், வாய தொறக்காமலே யாவாரம்! செப்டம்பர் பொறந்த அண்டே நான்தான் ஃபோன்ல பதிஞ்சு குடுத்தன். அதுக்குப் பொறகு மனுசனுக்குச் சத்தமே இல்லதானே."

ரொஷேல் டடாவைப் பார்த்தாள்.

அவர் ஸ்பீக்கரை நிறுத்தினார். பிறகு அவர் வாயிலிருந்து காற்று மட்டும் வந்தது. அவள் குனிந்து காதை வைத்துக் கேட்க வேண்டியிருந்தது.

"புள்ளி கூடுது கூடுது எண்டு சந்தோசமா இருந்தாய் மகள். எனக்கும் அந்தக் குழாயெண்டாப் பயம்."

அவள் வகுப்புக்குப் போகவில்லை. நடைபாதை ஓரத்தில் டடாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கொப்பியைத் திறந்தாள்.

முப்பத்தொரு பின்னேரங்கள். ஐந்து, ஐந்து, ஆறு, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, கடைசியாகத் திருத்திய எட்டு.

எல்லாம் செப்டம்பர் முதலாம் திகதிக் குரலுக்கு அவள் போட்டவை.

அவற்றை அவள் வெட்டவில்லை. கீழே எழுதினாள்.

"நாளை, புதன். காலை ஐந்தரைக்கு டிஸ்பென்சரியில் முதல் நம்பர் எடுக்க வேண்டும். இந்தப் புள்ளிகளில் ஒன்றுகூட டடாவுடையது இல்லை என்று டொக்டரிடம் சொல்ல வேண்டும். கடிதத்தை வாங்கிக்கொண்டு, டடாவையும் கூட்டிக்கொண்டு, நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்."