செல்வாம்பிகையின் ஆட்சேபணை

இனி தன் செயலியில் பேசினால்தான் வீடியோ தெளிவாகத் தெரியும், மற்ற செயலிகளில் மெதுவாகத்தான் வரும் என்று ஒரு தொலைபேசி நிறுவனம் அறிவித்தது. அதை எதிர்த்துப் பேசக் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு வந்திருந்தார் காது கேளாத தையல்காரர் செல்வாம்பிகை. அவருக்கு வீடியோதான் பேச்சு. அவர் கைகளால் சொல்வதை, வெளியூரில் இருக்கும் மகள் தமயந்தி போனில் பார்த்துச் சபைக்கு எடுத்துச் சொல்வதாக ஏற்பாடு. இரண்டு வாக்கியம் முடிவதற்குள் மகள் திரையில் வாய் திறந்தபடி உறைந்துபோனாள். செல்வாம்பிகையின் கைகள் மட்டும் ஓயவில்லை.

"அம்மா ஒண்ணும் சொல்லலையே. ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக்குங்க" என்றார் தலைவர்.

நிறுவனத்தின் மேலாளர் சிரித்தபடி எழுந்து வந்தார். "எங்க ஆப்ல கூப்பிட்டிருந்தா இந்தக் கஷ்டமே இல்லையேம்மா" என்று ஓர் இலவச சிம் கார்டை நீட்டினார்.

உதட்டசைவிலேயே அதைப் புரிந்துகொண்ட செல்வாம்பிகை கார்டை வாங்கிக்கொண்டார். நேராக மேலாளரின் மேசைக்குப் போனார். அங்கிருந்த அவருடைய டீக்குள் அதைப் போட்டு, கரண்டியால் நிதானமாகக் கலக்கி, கோப்பையை அவரிடமே நீட்டினார்.

மொழிபெயர்ப்பு யாருக்கும் தேவைப்படவில்லை. குறிப்பெழுதிக்கொண்டிருந்தவர் மட்டும், இதை எப்படி எழுதுவது என்று தலைவரைப் பார்த்தார்.