மூன்றாம் மாடிக்கு வந்தவர்கள்

"இது என்ன சத்திரமா? வர்றதும் போறதுமா இருக்கீங்க!"

காவலர் போட்ட சத்தத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த வயலின்களே ஒரு கணம் அதிர்ந்திருக்கும். கூட்டுகிற அக்கா மட்டும் அசையவில்லை. இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

"சும்மா பாக்கலாம்னுதாண்ணே வந்தேன்."

"பதினோரு வருஷமா இல்லாத சங்கீத ஆசை இப்ப எங்கேர்ந்து வந்துச்சு? ஏ.சி. காத்துக்குத்தானே வந்தே?"

"அப்படியே வச்சுக்குங்க" என்று சொல்லி, கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கிப் போனாள்.

அருங்காட்சியகத்தின் மூன்றாம் மாடி. பழைய இசைக்கருவிகளின் கூடம். லிஃப்ட் கெட்டுப்போய் நாலு மாதம் ஆகிறது. எழுபத்திரண்டு படி ஏறி வந்து, வாசிக்க ஆளில்லாத வாத்தியங்களை யார் பார்ப்பார்கள்? கீழே ஓவியக் கூடத்தில் கூட்டம் முட்டி மோதும். மேலே காவலர் ஈ ஓட்டலாம் என்றால், அத்தனை படி ஏற ஈக்கும் மனசில்லை.

தலைமை அலுவலகத்திலிருந்து ஓலை வந்திருந்தது. இந்த மாதம் சராசரியாகத் தினம் முப்பது பேர் வராவிட்டால் கூடத்தை மூடிவிடுவார்களாம். கூடத்தோடு காவலர் வேலையும் போகும். ஐம்பத்தாறு வயது. நாள் முழுக்க நின்று நின்று நரம்பு சுருண்ட கால். அந்தக் காலை வைத்துக்கொண்டு இனி வேறு எந்த வாசலில் போய் நிற்பது?

அவர் கையில் ஆள் எண்ணுகிற சின்னக் கருவி ஒன்று. ஒருவர் உள்ளே வந்தால் ஓர் அழுத்து. பார்வையாளர்களுக்கு மட்டும்தான், ஊழியர்களுக்குக் கிடையாது என்பது விதி. சராசரி பத்தொன்பதைத் தாண்டவில்லை. சும்மா இருக்கிற கட்டைவிரல் தினம் பதினோரு தடவை கூடுதலாக அழுத்தினால் யாருக்குத் தெரியப்போகிறது? அவர் அழுத்தவில்லை. 'தராசு' என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் இந்தக் கூத்து. சாப்பாட்டு நேரம் வந்தால் போதும். கேன்டீன்காரர் வருவார். டிக்கெட் கொடுக்கிற பெண் வருவாள். தோட்டக்காரரோ ஒரே நாளில் மூன்று தடவை!

"என்ன பெரியவரே, கால் வலிக்கலையா?"

"வலிக்குது தம்பி."

பெஞ்சில் ஒரு நிமிடம் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துவிட்டு எழுந்து போவார்.

தன் பிழைப்பு ஊசலாடுகிறது, இவர்களுக்குக் குளுகுளு காற்று கேட்கிறதா என்று காவலருக்கு வயிறு எரிந்தது. ஒருத்தராவது "வேலை என்ன ஆகும்ணே?" என்று கேட்டார்களா? அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

மாதக் கடைசியில் இந்த ஊழியர்கள் வந்துபோன தேதி, நேரம், ஆள் என்று எல்லாவற்றையும் இரண்டு தாளில் புகாராக எழுதி மேனேஜரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மேனேஜர் அம்மா சிரித்து அங்கே யாரும் பார்த்ததில்லை. இரண்டு தாளையும் ஒரு வரி விடாமல் படித்தார்.

"உங்க கணக்குப்படி இந்த மாசம் சராசரி எவ்வளவு?"

"பத்தொன்பது மேடம். மூடிடுவாங்கன்னு தெரியும். ஆனா பொய்யா ஒண்ணுகூட அழுத்தல."

மேனேஜர் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"முப்பத்து நாலு. கூடத்தை மூட மாட்டாங்க."

காவலருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"போன மாசம் உங்க கதவுக்கு மேல கறுப்பா ஒண்ணு மாட்டினாங்களே, அது என்னன்னு நினைச்சீங்க?"

"புகை வந்தா கத்துமே, அது..."

"ஆள் எண்ணுற மெஷின். தலைமை அலுவலகம் அதைத்தான் பாக்குது. உங்க கைக்கணக்கை யாரும் தொடறதுகூட இல்ல. அந்த மெஷினுக்குத் தலைதான் தெரியும், யூனிஃபார்ம் தெரியாது."

பத்தொன்பதுக்கும் முப்பத்து நாலுக்கும் நடுவில் இருந்த பதினைந்து தலைகள் யாருடையவை என்று அவருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. எழுபத்திரண்டு படி. பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தா சத்திரமா என்று கேட்டோம்? வெட்கத்தில் காது சுட்டது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்?"

"சொன்னா? நேரா இங்க வந்து உண்மையைச் சொல்லியிருப்பீங்க. இப்பவும் அதைத்தான் செஞ்சிருக்கீங்க. இந்தப் புகாரை வாங்கிக்கிட்டதா நான் கையெழுத்துப் போட்டா, ஊழியர்களைக் கழிச்சுட்டுத்தான் கணக்கு அனுப்பணும். போடவா?"

போடுங்கள் என்று சொல்லத்தான் முப்பது வருடமாகப் பழகிய நாக்கு. அது எழவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. தாள்களைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார். கண் கலங்கியிருந்தது.

மேனேஜர் தாள்களை அவர் கையில் வைத்துவிட்டு, மேஜையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

"கொண்டு போங்க. ஆனா இந்த லிஸ்ட்ல ஒரு ஆள் குறையுது. தினம் காலைல, நீங்க டியூட்டிக்கு வர்றதுக்கு முன்னாடி, நானும் மூணு தடவை ஏறி இறங்கறேன்."