ஜோடித் துணி

"மீன் எனக்கு, முள் உனக்கு" என்று ஓரத்தில் அச்சிட்ட காங்காத் துணியை உடுத்திக்கொண்டு, ஸுவேனாவின் வாசல் வழியே மூன்று முறை நடந்தாள் ரெஹேமா. ஸுவேனாவின் புருஷன் மக்காமேக்கு அவளோடு தொடுப்பு. ஸான்சிபார் பெண்கள் இதற்கெல்லாம் வாயைத் திறப்பதில்லை, காங்காதான் பேசும்.

மறுநாள் ஸுவேனா துணிக்கடைக்குப் போனாள்.

"அந்த மஞ்சளைக் குடுங்க."

கடைக்காரர் அதன் வாசகத்தைப் படித்தார். "இது அவளுக்கு உறைக்காதேம்மா!"

"உறைக்க வேண்டியவங்களுக்கு உறைக்கும். வெட்டிக் குடுங்க."

காங்கா ஜோடியாகத்தான் வரும். இடுப்புக்கு ஒன்று, தலைக்கு ஒன்று. நடுவில் வெட்டிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, மக்காமே நண்பர்களோடு காபிக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"உன் வீட்டுக்காரி பதில் காங்கா வாங்கிட்டாளாமே?"

"என்னடா பண்றது? ரெண்டு பேரும் எனக்காக அடிச்சுக்கறாளுங்க." தாடியைத் தடவிக்கொண்டான்.

ஸுவேனா வந்தாள். இடுப்பில் மஞ்சள் காங்கா. தலையில் ஏதோ பழைய துணி.

"ஜோடியில ஒண்ணைக் காணோமே?" என்றான் நண்பன்.

அது எதிர்ப்பக்கத்திலிருந்து ரெஹேமாவின் இடுப்பில் வந்துகொண்டிருந்தது.

மக்காமே எழுந்துவிட்டான். "ரெஹேமா, நீயுமா?"

"பெம்பாத் தீவுல மூணாவதா ஒருத்தி இருக்காளாமே. அக்கா எல்லாம் சொன்னாங்க."

இருவரும் ஒன்றாக முதுகைத் திருப்பினார்கள். காங்காவின் வாசகம் பின்பக்கம்தான் இருக்கும். நண்பன் உரக்கப் படித்தான்:

"ஓட்டைப் படகுக்கு எதுக்குடி சண்டை?"